மருந்தும் மூன்றளவும்

உணவிற்கு அளவு வேண்டுமென்பதை எல்லாரும் ஒப்புவர். மருந்திற்கும் அளவுண்டு என்பதையோ நம்மவருட் பலர் மறந்துவிட்டனர். அயலவருக்கு வைத்தியர் கொடுத்த குளிசையில் எஞ்சியதை வாங்கி விழுங்குவதும், சென்ற ஆண்டு மிஞ்சியதைத் தேடியெடுத்து இவ்வாண்டுத் தடிமனுக்கு உண்பதும் பல வீடுகளில் வழக்கமாயின. இளைஞரிடத்து இவ்வழக்கம் முகப்பருவை முன்னிட்டு வளர்கின்றது. பரு நீங்கப்பெற்ற மாணவன் தன் மருந்தின் பெயரைத் தோழனுக்குச் சொல்ல, அவன் வைத்தியரின் துண்டின்றியே அதனை வாங்க முயல்கின்றான். இது பெருந்தவறு என்பதே எமது துணிபு.

அத்தகைய மருந்துகளுள் ஒன்று டொக்சிசைக்கிளின். இது நுண்ணுயிர்க்கொல்லி வகையைச் சார்ந்தது. பெயர் 'கொல்லி' எனினும், இதன் தொழில் பெரும்பாலும் கொல்லுதலன்று. பற்றீரியா புரதத்தை ஆக்காவண்ணம் தடுத்து, அதன் பெருக்கத்தை நிறுத்துதலேயாம். தளர்ந்த பகையை அழிப்பது உடலின் காவல். தடிமனையும் டெங்குவையும் உண்டாக்கும் வைரசை இம்மருந்து தீர்க்காது.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், நோயுற்றவன் நிலை, நோயின் நிலை, காலம் என்னும் மூன்றையும் கருதியே வைத்தியன் செயற்படல் வேண்டும் என்றார். அம்மூன்றையும் இங்கே பொருத்திப் பார்ப்பாம்.

முதலாவது, உண்பவர். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கும் பொதுவாக இதனைக் கொடுப்பதில்லை; இவ்வின மருந்துகளால் வளரும் பற்களில் நீங்காக் கறை படியக்கூடும். பருவிற்கே கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினோயினோடு இதனைச் சேர்த்துண்டால் தலையோட்டினுள் அழுத்தம் மிகுதற்கு இடமுண்டு. அயலவருக்கு நன்மை செய்தது நமக்குத் தீமை செய்யலாம்.

இரண்டாவது, நோய். பரு பற்றீரியாவால் மாத்திரம் வருவதன்று. தோலின் எண்ணெய் மிகுந்து மயிர்த்துளைகள் அடைபடும். ஆங்கே பற்றீரியா பெருகி வீக்கத்தை மிகுவிக்கும். ஆதலின் சிறு பருவுக்குப் பூசுமருந்தே போதும். மிகுந்த பருவுக்குக் குளிசை கொடுக்கும்போதும், பென்சொயில் பெரொக்சைட்டு முதலிய பூச்சோடு சேர்த்துக் கொடுப்பதே முறை.

மூன்றாவது, காலம். பருவிற்கு இம்மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். 3 மாதமளவில் வைத்தியர் மீள ஆராய்வார். பொறுமையிழந்து இடையில் விடுதலும், அழகு கருதி ஆண்டுக்கணக்கில் நீட்டுதலும் பிழை. ஏனைய தொற்றுகளுக்கும் வைத்தியர் குறித்த நாளே எல்லை. உண்ணும் வேளைக்கும் ஒழுங்குண்டு. குவளை நிறைந்த நீருடன் விழுங்கி, அரை மணி நேரமேனும் படுக்காதிருத்தல் வேண்டும். இன்றேல் உணவுக்குழாய் புண்படும். பால், இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவு மருந்து ஆகியவற்றோடு உண்டால் இம்மருந்து உடலிற் சேர்வது குறையும். இதனை உண்பவர் தோல் வெயிலில் எளிதிற் கன்றும். உடல் தடித்தல், மூச்சுத்திணறல், கடுந் தலையிடி, பார்வை மங்கல் தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக.

இவை தன்னுடல் பற்றியன. பிறருடல் பற்றியதும் ஒன்றுண்டு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் பறிபோயின. அந்நோய்க்கு அஞ்சிச் சேற்றுவயலில் இறங்கும் உழவர்க்குச் சுகாதாரத் துறையினர் கொடுப்பதும் இதே டொக்சிசைக்கிளினே. உயிர்காக்கும் பொருளை விளையாட்டாகக் கையாளலாமா? தேவையின்றி உண்ணும்போது, மருந்துக்கு அடங்கும் பற்றீரியா ஒடுங்க, அடங்காதவை தோலிலும் குடலிலும் பெருகும். பின் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் ஆற்றிய நோபல் பரிசு உரையிலேயே, அளவிற் குறைய உண்பதால் விளையும் இக்கேட்டை எடுத்துரைத்தார். 2019 ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காப் பற்றீரியாவால் நேரே இறந்தோர் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

வைத்தியரிடம் செல்லப் பணத்திற்கு எங்கே போவது என்பார் உளர். அரசாங்க வைத்தியசாலை கேட்பது பணமன்று. வரிசையில் நிற்கும் பொறுமையே. பரு பெரும்பாலார்க்கு வயதோடு அடங்குவது. மருந்தின் வலிமையோ ஒருமுறை போயின் மீட்டற்கரியது. ஆதலின் பெற்றோர் மிஞ்சிய குளிசையை அலுமாரியிற் சேமியாதிருப்பாராக. மாணவர் அதனைத் தம்முட் பகிராதிருப்பாராக. துண்டில்லாதார்க்கு விற்காமை மருந்துக்கடைக்காரருக்குச் சட்டம் மட்டுமன்று, அறமுமாம்.