‘ஆர்ஹெச் இதற்கு எதிர்’ என்னும் ஒற்றை வரி

காரின் இடப்பக்கக் கதவைத் தாங்கும் ஓர் இரும்புத் தாங்கியின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். முன்தோற்றம், பக்கத்தோற்றம், துளைகளின் விட்டம், வளைவின் கோணம், அளவில் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற எல்லை, எல்லாம் அதில் இருக்கும். வலப்பக்கத் தாங்கிக்கோ மூலையில் ஒரு வரிதான்: ‘எல்ஹெச் காட்டப்பட்டுள்ளது, ஆர்ஹெச் இதற்கு எதிர்.’ எல்ஹெச் என்றால் இடது, ஆர்ஹெச் என்றால் வலது. மேசையில் தாளை விரித்து, டி-ஸ்கொயரும் பென்சிலுமாக வரைந்த காலத்தில் இந்தச் சிக்கனத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு பாகத்தை வரையவே நாள்கணக்கில் ஆகும்போது அதன் மறுபாதியையும் வரையச் சொல்வது கொடுமை. விமானத் தொழிலில் ஒரே வரைபட எண்ணின் வாலில் ஒற்றைப்படை எண் வந்தால் இடது, இரட்டைப்படை வந்தால் வலது என்று ஒரு வழக்கமே உண்டானது. இன்று வரைவது கணினி. ‘மிரர்’ கட்டளையை அழுத்தி, எந்தத் தளத்தைக் கண்ணாடியாகக் கொள்வது என்று காட்டினால் எதிர்ப்பாகம் சில நொடிகளில் திரையில் நிற்கிறது. அப்படியிருந்தும் அந்த ஒற்றை வரி இன்னும் போகவில்லை. அதை எடுத்துவிட வேண்டும். எதிர்ப்பாகம் உண்மையிலேயே தேவை என்றால் அதற்குத் தனி எண்ணும் தனி வரைபடமும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

‘எதிர்’ என்ற சொல் கேட்க எளிதாக இருப்பதுதான் தொல்லை. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வம், அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை. இடம்புரியை எப்படித் திருப்பினாலும் உருட்டினாலும் அது வலம்புரியாகாது. இந்தப் பண்புக்கு அறிவியலில் ‘கைராலிட்டி’ என்று பெயர். கை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1893-இல் ஆக்ஸ்போர்டு உரையொன்றில் லார்டு கெல்வின் வைத்த பெயர் அது. நம்மிடம் அதற்கு வெகுகாலமாகவே இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், நாம் வலம்புரி என்பதை விலங்கியலார் இடச்சுழி என்கிறார்கள். அவர்கள் சுருள் முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் கீழே வைத்துப் பார்க்கிறோம். சங்கு ஒன்றுதான், பிடித்த விதம் மாறியதும் பெயர் மாறிவிட்டது. காரிலும் இதே கதை. இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவரின் கணக்கு. வண்டிக்கு எதிரே நின்று வெல்டிங் செய்பவருக்கு எல்ஹெச் பாகம் வலக்கைப் பக்கம் இருக்கிறது. ஒரு பாகத்தைக் காட்டிவிட்டு மற்றதை மனசுக்குள் திருப்பிக்கொள் என்று சொல்லும் வரைபடம், இந்தக் குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பத்தை ஏற்றுகிறது.

மென்பொருளுக்குத் தெரிந்தது வடிவம் மட்டுமே. சாலிட்வொர்க்ஸ் போன்ற, கணினியில் வரைய உதவும் கேட் (CAD) மென்பொருள்களில், பல பாகங்கள் கொண்ட ஒரு தொகுப்பை எதிர்ப்பக்கமாக்கும்போது, எந்தப் பாகத்தை உண்மையிலேயே எதிர்வடிவமாக்குவது, எதை இருக்கிறபடியே எடுத்து மறுபக்கத்தில் வைப்பது என்று வடிவமைப்பாளர்தான் சொல்ல வேண்டும். அங்கே கவனம் தவறினால் கடையில் வாங்கும் மோட்டாருக்கும்கூட ஓர் எதிர்மோட்டார் பிறந்துவிடும். அதை உலகத்தில் யாரும் தயாரிப்பதில்லை. மின் இணைப்பியைக் கண்ணாடியில் காட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற முனைகள் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று நிற்கும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்துகள் இடவலம் மாறிப் போகும். போல்ட்டின் மரையை முழுச் சுருளாக வரைந்திருந்தால் அது எதிர்த்திசையில் திருகும் லெஃப்ட் த்ரெட் ஆகிவிடும். வெறும் அடையாளமாகக் குறித்திருந்தால் தப்பிக்கும். சைக்கிளின் இடது பெடலில் லெஃப்ட் த்ரெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று யோசித்து வைத்தது, கண்ணாடி தற்செயலாகக் கொடுத்தது அல்ல. பெட்ரோல் மூடியோ காரில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே பின்பக்கத் தகடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று முழு எதிர் அல்ல. இவற்றில் எதையும் ‘எதிர்’ என்ற ஒரு சொல் சொல்லிவிடாது.

பட்டறைக்குப் போனால் விஷயம் இன்னும் கெட்டியாகிறது, ஏனென்றால் அங்கே கண்ணாடி கிடையாது. கணினி இயக்கும் சிஎன்சி வெட்டு இயந்திரங்களிலும் எதிர்வடிவக் கட்டளை உண்டு. ஃபனுக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஜி51.1 என்று எழுதினால் கட்டர் போகும் பாதை அப்படியே திரும்பிக்கொள்ளும். ஆனால் கட்டர் சுழலும் திசை திரும்பாது, திருப்பவும் முடியாது, பற்கள் ஒரு பக்கமாகத்தான் வெட்டும். விளைவாக, இடது பாகத்தில் தடித்த சீவலாகத் தொடங்கி மெலிந்து முடிந்த வெட்டு, வலது பாகத்தில் மெலிதாகத் தொடங்கித் தடித்து முடிகிறது. தொடக்கத்தில் பல் உலோகத்தை வெட்டாமல் சற்று உரசிக்கொண்டு போகும். பரப்பின் வழவழப்பு மாறும், சூடு கூடும், கட்டர் சீக்கிரம் மழுங்கும். திரையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த இரண்டு பாகங்கள் இயந்திரத்திலிருந்து இறங்கும்போது ஒரே தரத்தில் இறங்குவதில்லை. வலது பாகத்துக்கென்று வரைபடம் இருந்தால் அதன் வெட்டுப் பாதையைப் புதிதாக யோசிக்க ஓர் ஆள் உட்காருவார். ஒற்றை வரி இருந்தால் ஜி51.1 போதும் என்று தோன்றிவிடும்.

தனி வரைபடம் வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரைபடம் இரண்டானால் என்றாவது ஒரு நாள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள், ஒரே தாளில் இருந்தால் அந்த ஆபத்து இல்லை என்பது. பென்சில் காலத்தில் இது மறுக்க முடியாத வாதம். கணினியில், எதிர்ப்பாகத்தை மூலப் பாகத்தோடு தொடர்பு அறாமல் உருவாக்க முடியும். மூலத்தில் துளையின் விட்டத்தை மாற்றினால் எதிரிலும் மாறும், இரண்டு வரைபடங்களும் அதைப் பின்தொடரும். தொடர்பு அறுந்துபோவதும் உண்டுதான். ஆனால் அறுந்தால் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். மனசுக்குள் தப்பாகத் திருப்பிக்கொண்ட ஆளை எந்த மென்பொருளும் காட்டிக்கொடுக்காது. இன்னொரு மறுப்பு பிரஸ் பட்டறைகளிலிருந்து வரும்: இடதையும் வலதையும் ஒரே தகட்டில் சேர்த்து அழுத்தி, பிறகுதான் நடுவில் வெட்டிப் பிரிக்கிறோம், எங்களுக்கு இரண்டும் ஒரே வேலைதானே என்பார்கள். வெட்டிய பிறகு அவை இரண்டு பெட்டிகளுக்குப் போகின்றன, இரண்டு இடத்தில் பொருந்துகின்றன, தனித்தனியாக அளக்கப்படுகின்றன. அளப்பவர் கையில் எந்தத் தாள் இருக்கப் போகிறது?

சிறு பட்டறைகளுக்கு இரண்டு தாள்களைச் சரிபார்ப்பதே சுமை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி தாளைக் குறைப்பதல்ல, பாகத்தைக் குறைப்பது. தட்டையான தகட்டில் ஊடுருவிப் போகும் துளைகள் மட்டும் இருந்தால் அதற்கு எதிர்ப்பாகமே தேவையில்லை. குப்புறப் போட்டால் அதுவே எதிர். வளைக்கும் தகட்டிலும் வெட்டிய தட்டையான துண்டு இரண்டுக்கும் பொது, மடிக்கும் பக்கம்தான் வேறு. ஒரு பக்கத்தில் மட்டும் திருகின் தலை அமிழும் குழிவு இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டிருந்தாலோ இது நடக்காது. அந்தக் குழிவை இரண்டு பக்கமும் வைத்தால் நடந்துவிடும், சில பைசா கூடுதல் செலவில். மிரர் கட்டளை இந்த யோசனைக்கு இடம் தருவதில்லை. ஒரு சொடுக்கில் புதுக் கோப்பு, அதற்கொரு புது எண், கிடங்கில் இன்னொரு பெட்டி, உதிரிபாகக் கடையில் இன்னொரு அலமாரி. இலவசமாகக் கிடைத்த எதிர்ப்பாகத்தின் செலவு அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாக இருந்தே ஆக வேண்டும் என்றால், அவை கைக்குத் தெரிகிற அளவுக்கு வேறுபட வேண்டும். தவறாக மாட்டவே முடியாதபடி பாகத்தை அமைப்பதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ‘போக்கா-யோக்கே’ என்று பரப்பினார். வலது தாங்கியில் மட்டும் ஒரு முனையைச் சற்றுத் தள்ளி வைத்தால், இரவு ஷிப்டில் பெட்டி மாறி எடுத்தவருக்கு அது மாட்டாமலே சொல்லிவிடும். அந்த முனை எங்கே, எவ்வளவு தள்ளி என்று எழுத வலது பாகத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும். அதன் மேல் மூலையில் வண்டியின் முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் வேண்டும்.