நகைச்சீட்டு சேமிப்பு ஆகுமா?

வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் போக மாதா மாதம் மிஞ்சுகிற சொற்பத் தொகையை, பெண்ணின் கலியாணத்தை நினைத்து நகைக்கடைச் சீட்டில் கட்டிவரும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுடைய சிக்கனத்தையும் தூரதிருஷ்டியையும் நான் மனமாரப் போற்றுகிறேன் என்றாலும், அந்தப் பணத்தைச் சேமிப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்வது சரியன்று என்பதே என் அபிப்பிராயம்.

இச்சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு முடிவது ஏன் என்று கட்டுகிறவர்களில் அநேகர் விசாரிப்பதில்லை. சரக்குக்காக வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக 365 நாட்களுக்குள் ஒரு கம்பெனி சரக்கைக் கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்றும், அதற்குரிய கடுமையான நிபந்தனைகள் யாவும் வந்து சேரும் என்றும் 2014-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே சட்டத்தின் பார்வையில் நீங்கள் பணம் போட்டு வைத்தவர் அல்லர். முன்பணம் கொடுத்த வாடிக்கைக்காரர். வங்கி முறிந்தால் வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னையிலும் திருச்சியிலும் பிரசித்தி பெற்ற கடைகள் மூடப்பட்டபோது, சீட்டுக் கட்டியவர்கள் ரசீதும் கையுமாகப் போலீசில் புகார் எழுதிக்கொடுக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது.

கடை நாணயமானது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய்ப் பொன்னுக்குச் செய்கூலி, சேதாரம் என்று நூற்றுக்குப் பதினைந்தும், அதன் மேல் மூன்று சதவீத வரியும் சேர்ந்தால் பில் தொகை 1,18,450 ரூபாய் ஆகிறது. அதே நகையை மறுநாளே விற்கப் போனால், பொன்னுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல் எவரும் தரமாட்டார்கள். சீட்டுக்காரருக்குச் சேதாரத்தில் சலுகை என்பது உண்மைதான். ஆனால் சேதாரத்தை நிர்ணயிப்பதும் கடைக்காரர்தாமே! விலை ஏறி லாபம் கிடைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த லாபம் பொன்னுக்கு உரியதேயன்றி, நகைக்கு உரியதன்று.

பொன்னின் மேல் எனக்குத் துவேஷம் இல்லை. தன் பெயரில் ஒரு சென்ட் நிலமோ வங்கிக் கணக்கோ இல்லாத ஸ்திரீகளுக்கு, தலைமுறை தலைமுறையாகத் தமக்கென்று இருந்த சொத்து கழுத்திலும் கையிலும் கிடந்ததுதான். ஆஸ்பத்திரிச் செலவும் விதைநெல் செலவும் வந்த காலங்களில் அடகுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியதும் அதுவே. அணிந்து மகிழ நகை வாங்குங்கள். அதைச் செலவென்று அறிந்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெண்ணுக்கென்று உண்மையிலேயே சேமிக்க விரும்புவோருக்கு, 2015-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் தபாலாபீசில் இருக்கிறது. வருஷத்துக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை பதினைந்து வருஷம் செலுத்தலாம். இருபத்தொரு வருஷத்தில் முதிர்கிறது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆனதும் மேற்படிப்புக்காகப் பாதிவரை எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. பத்து வயது நிரம்பாத பெண் குழந்தையின் பெற்றோர், அடுத்த சீட்டில் சேருமுன் ஒருமுறை தபாலாபீசுக்குச் சென்று விசாரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.