மண்வெட்டியின் மேல் போடும் பழி

புத்தூர்ச் சந்தியிலிருந்து நிலாவரைப் பக்கம் போனால் செம்மண் தோட்டங்கள்தாம். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைகின்ற பூமி. அங்கே முதுகுவலியை எவரும் நோயென்று கணக்கெடுப்பதில்லை. காலை முதல் குனிந்து கொத்துகிறவனுக்கு முதுகு நோகாமல் வேறென்ன நோகும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது சரியான கேள்விதான். நான் எழுத வந்தது, அக்கேள்விக்குள் மறைந்துபோகின்ற சிலரைப் பற்றி.

மண்வெட்டி தந்த வலி படுத்தால் குறையும். இன்னொரு வலி படுத்தால் கூடும். இருபது, இருபத்தைந்து வயதில் மெல்லத் தொடங்கி, பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். விடியற்காலையில் முதுகு மரக்கட்டையாக விறைத்திருக்கும். தோட்டத்துக்குள் இறங்கி நடமாடத் தொடங்கியதும் இளகிவிடும். வேலை செய்யத் தணிகின்ற வலியை நோயென்று யார் நினைப்பார்? அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்பது மருத்துவர் அதற்கு இட்ட பெயர். முள்ளந்தண்டு மூட்டுகளில் அழற்சி மூண்டு முதலில் எலும்பை அரிக்கிறது. பிறகு, இருக்கக் கூடாத இடத்தில் புதிய எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. முற்றியவரின் எக்ஸ்ரே படத்தில் முதுகு ஒரு மூங்கில் தடி போலத் தெரியும்.

இதில் குடலுக்கு என்ன வேலை? 1962ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் மாலுமிகள் கரையில் கூடி விருந்துண்டார்கள். 1276 பேரில் 602 பேரை வயிற்றுளைவு பிடித்தது. அவர்களுள் ஒன்பது பேருக்குப் பின்னர் மூட்டுகள் வீங்கின. கிருமி ஒன்றுதான். பின்னே ஏன் ஒன்பது பேருக்கு மட்டும்? எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறுக்கும் முள்ளந்தண்டு நோய்க்கும் உள்ள உறவு 1973இல் வெளிப்பட்டது. அந்த ஒன்பதின்மரில் ஐவரைத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது நால்வரிடம் அதே கூறு இருந்ததாக 1976இல் எழுதினார்கள். 1994இல் இன்னொரு சான்று கிடைத்தது. அந்த மனித மரபணுவைப் புகுத்திய எலிகளுக்குக் குடலிலும் மூட்டுகளிலும் அழற்சி வரும். ஆனால் கிருமியே அண்டாத கூண்டில் வளர்த்த எலிகளுக்கு அது வரவில்லை. மரபணு மட்டும் போதாது, குடலில் வாழும் பற்றீரியாக்களும் வேண்டியிருந்தன. முள்ளந்தண்டு நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் குடலில், வயிற்றுக் குறையே இல்லாதவரிடத்தும், நுணுக்குக்காட்டி வழியே அழற்சி தென்படுகிறது.

யாழ்ப்பாணத்தார் இதைப் படிக்கையில் தங்கள் கிணற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்முடைய நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக ஓடுவது. மேலே விழுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். கிணற்றுக்கு அருகே மலசலகூடக் குழி வெட்டுகின்ற குடாநாட்டில், வயிற்றுளைவை இரண்டு நாள் சங்கடமாக மட்டும் பார்க்கக் கூடாது. சிலருக்கு அது மூட்டில் வந்து முடியும்.

எல்லாவற்றையும் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல இங்கே ஒரு கூட்டம் ஆயத்தமாக இருக்கும். வாத நோயென்று போனால் பரியாரியார் முதலில் பேதிக்குக் கொடுத்தார் என்பது மெய். அதற்காக அவர் பற்றீரியாவைக் கண்டார் என்பது மெய்யாகாது. மறுபுறம், குளிகைக்குள் நல்ல பற்றீரியாவை அடைத்து லண்டனிலும் ரொறன்ரோவிலும் விற்கிறார்கள். தயிரும் பழஞ்சோறும் நல்ல உணவுகளே, நானும் விரும்பி உண்பவன். ஆனால் அவற்றாலோ அக்குளிகைகளாலோ முதுகெலும்பு ஒட்டுவது நின்றதாக நிறுவப்படவில்லை. நோயை மூட்டும் பற்றீரியா இன்னதென்றுகூட இதுவரை உறுதியாகவில்லை. கிளெப்சியெல்லா என்ற ஒன்றின்மேல் பல்லாண்டுகளாகச் சந்தேகம் உண்டு. வழக்குத் தீரவில்லை.

தீர்ந்த விடயம் வேறொன்று. ஒட்டிய எலும்பை எந்த மருந்தும் பிரிக்காது. ஒட்டுமுன்பே அழற்சியைத் தணிக்க மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு, நாள்தோறும் செய்யவேண்டிய உடற்பயிற்சியும் உண்டு. செல்வ நாடுகளிலேயே இந்நோய்க்குப் பெயர் தெரிய ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. எண்ணெய் தேய்ப்பதிலும் வாயு என்று உள்ளி தின்பதிலும் நம் ஊர் இளைஞன் இழக்கின்ற ஆண்டுகளை யார் கணக்கெடுத்தார்? கிராமத்து மருந்தகத்தில் முதுகுவலியோடு வந்தவனிடம், "படுத்தால் கூடுதா, குறையுதா?" என்று கேட்க ஒரு சதமும் செலவில்லை. கூடுகிறதென்றால் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். தகப்பனுக்கு இந்நோய் என்றதும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பி27 இரத்தப் பரிசோதனை செய்ய ஓடாதீர்கள். அக்கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. ஆனால் பிள்ளை காலையில் முதுகு விறைப்போடு எழுந்து, மூன்று மாதமாகியும் அது மாறவில்லையென்றால், இரவிரவாகக் கணினிக்கு முன்னால் இருந்ததன் பலன் என்று ஏசி விட்டுவிடவேண்டாம். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் இந்நோய் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.