குரோனோகிராப் வாங்கும் முன் உங்கள் மைக்கைப் பாருங்கள்

வீட்டில் ஏர் ரைபிள் இருக்கிறது. இப்போது புதிதாகக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. அடுத்ததாகக் குரோனோகிராப் வாங்கலாமா, எந்த மாடல் நல்லது என்று யோசிக்கிறீர்களா? என் கருத்தைக் கேட்டால், பத்து மீட்டர் தூரத்தில் பழகுகிறவர்களுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. அந்த வேலையைச் செய்யக்கூடிய கருவி உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது. அதுதான் கம்ப்யூட்டரின் மைக்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. குரோனோகிராப் என்பது துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் போகிறது என்று அளந்து சொல்லும் சின்னப் பெட்டி. கையில் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போகலாம்.

இந்த வேகத்தை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். துளையை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். ஜூலை எப்படிப் பார்ப்பது? பெல்லட்டின் எடையும் வேகமும் தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.

அக்கா மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழக ஆரம்பித்தபோது, அவளுக்காக ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டி, "சார், இது ஆயிரம் எப்.பி.எஸ். சார்" என்றார். எத்தனை கிராம் பெல்லட்டில் என்று கேட்டேன். பெட்டியில் போடவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஆயிரம் எப்.பி.எஸ். என்றால் விநாடிக்கு ஆயிரம் அடி, அதாவது சுமார் 305 மீட்டர். வழக்கமான 0.53 கிராம் ஈய பெல்லட்டில் அந்த வேகம் வந்தால் ஆற்றல் 24.6 ஜூல். சட்ட வரம்பைத் தாண்டிவிட்டது! அதே வேகம் 0.34 கிராம் அலாய் பெல்லட்டில் வந்தால் 15.8 ஜூல்தான். பெட்டி மேல் போடும் எண்கள் பெரும்பாலும் லேசான பெல்லட்டில் எடுத்தவை. எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வது, மெமரியைச் சொல்லாமல் பிராசஸர் பெயரை மட்டும் சொல்லிக் கம்ப்யூட்டர் விற்பது மாதிரி. 0.53 கிராமுக்கு 20 ஜூல் என்பது சுமார் 275 மீட்டர் வேகம். இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். புது ஸ்பிரிங் போட்டு "பவர்" ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உதவும்.

இரண்டாவது காரணம் புள்ளி. போட்டி ரைபிளில் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் அளவில் போகும். பத்து மீட்டரைக் கடப்பதற்குள் அது 17 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 165 ஆகக் குறைந்தால் 18 மி.மீ. இறங்கும். வித்தியாசம் 1 மி.மீ.தானே என்று விட்டுவிட முடியாது. பத்து மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் அகலமே அரை மி.மீ.தான். தசமப் புள்ளியில் கணக்கிடும்போது அந்த 1 மி.மீ. 0.4 புள்ளியைத் தின்றுவிடும். பயிற்சி செய்கிற பிள்ளை தன் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் நடுங்குவது ரைபிளின் ஸ்பிரிங்காகவோ வாஷராகவோ இருக்கும். ஒரே ரைபிள், ஒரே பெல்லட், பத்துக் குண்டு. வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் குற்றம் யார் மேல் என்று தெரிந்துவிடும்.

இப்போது மைக்குக்கு வருவோம். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு, ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. பெல்லட் பத்து மீட்டர் கடக்க சுமார் 59 மில்லி விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் உங்கள் சவுண்ட் கார்டு 2,600 அளவுகளை எடுத்துவிடும். பாட்டுக் கேட்பதற்காக வைத்த கார்டு இது. ஆனால் நம் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவுங்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து வந்துகொண்டிருக்கும் நம்பகமான சாப்ட்வேர். வாயிலிருந்து டார்கெட் வரை (துப்பாக்கி வாயைச் சொல்கிறேன்) சரியாக டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நடுத் தூரத்தில், குண்டு போகும் கோட்டுக்கு அரை மீட்டர் பக்கவாட்டில் மைக்கை வையுங்கள். ஏன் நடுவில்? சுடும் சத்தமும் டார்கெட்டில் அடிக்கும் சத்தமும் மைக்குக்கு வர ஒரே அளவு நேரம் எடுக்கும். அதனால் ஒலியின் வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். மைக்கைத் துப்பாக்கி பக்கத்தில் வைத்தால், அடிபட்ட சத்தம் திரும்பி வரும் நேரத்தைக் கழிக்க வேண்டும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், குளிர் ஊரில் குறையும். அந்தத் தலைவலி எதற்கு?

ரெக்கார்ட் பட்டனைக் கிளிக் செய்து, ஒரு குண்டு சுட்டு, நிறுத்துங்கள். திரையில் இரண்டு முள் மாதிரி கோடுகள் எழும்பியிருக்கும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். முதல் முள் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாவது முள் தொடங்கும் இடம் வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே அதன் நீளம் மில்லி விநாடியில் தெரியும். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம்.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்பிரிங் ரைபிளில், பெல்லட் வெளியே வருவதற்குச் சில மில்லி விநாடி முன்பே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் சத்தம் போட்டுவிடும். நீங்கள் பார்க்கும் முதல் முள் பெல்லட்டுடையது அல்ல. உதாரணமாக 5 மீட்டரில் 35 மில்லி விநாடி வருகிறது என்று வையுங்கள். வகுத்தால் 143 மீட்டர், நிஜத்தைவிடக் குறைவு. இதற்கு எளிய வழி, டார்கெட்டையும் மைக்கையும் நகர்த்தி 10 மீட்டரிலும் சுடுவது. அங்கே 65 மில்லி விநாடி வந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் 30. ஆக இரண்டாவது 5 மீட்டரைக் கடக்க 30 மில்லி விநாடி, வேகம் 167 மீட்டர். ஸ்பிரிங் போட்ட சத்தம் இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிட்டது. ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தாறு குண்டு சுட்டு, எக்ஸெல்லில் ஏவரேஜ் எடுத்துக் கழியுங்கள். 0.53 கிராமுக்கு இது 7.4 ஜூல். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்க ஒரே தூரம் போதும்.

லேப்டாப்காரர்கள் கவனிக்க. உள்ளே இருக்கும் மைக்கில் இரைச்சலை அடக்கும் வசதி ஆன் ஆகியிருக்கும். போனில் பேசுவதற்கு நல்லது, நமக்கு எமன். திடீர்ச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அது விழுங்கிவிடும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆப் செய்யுங்கள். முள்ளின் தலை தட்டையாக வெட்டினாற்போலத் தெரிந்தால் மைக் அளவைக் குறையுங்கள். டார்கெட் பேப்பருக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி இருந்தால் சத்தம் கணீரென்று விழும், துணி அடைத்த பெட்டியில் விழாது. கண்ணாடி அணியாமல் இரும்புத் தகட்டைச் சுடாதீர்கள். மொட்டை மாடியில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். ரேஞ்சில், மற்றவர்கள் சுடாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பும்படி அளந்தவருக்கு இதில் பாதி வசதிகூட இல்லை. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், தொங்கவிட்ட கனமான மரக்கட்டையில் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடாவில் அளந்தார். அதிலிருந்து கணக்குப் போட்டு, மஸ்கெட் குண்டு விநாடிக்கு 1600 அடிக்கும் மேல் போகிறது என்று 1742-இல் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் டூப்ளே புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தார். அந்த ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய 1750-இல் இந்தியாவுக்கு வந்து, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-இல் புதுச்சேரியிலிருந்து போன லாலியின் படை பிடித்து இடித்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே கடலூரில்தான் 1999-இல் இளவேனில் வாலறிவன் பிறந்தார். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர்.

சரி, மைக் போதாதவர்கள் யார்? 0.22 ரைபிள் சுடுகிறவர்கள். ரேஞ்சில் பக்கத்து ஆள் சத்தத்துக்கு நடுவே அளக்க வேண்டியவர்கள். ரைபிள் ரிப்பேர் செய்பவர்கள். இவர்கள் வாங்கத்தான் வேண்டும். அதிகம் விற்பது இரண்டு கண் வைத்த பெட்டி. குண்டின் நிழல் முதல் கண்ணைக் கடந்து இரண்டாவது கண்ணைக் கடக்கும் நேரத்தை அளக்கும். வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கும் கருவி இது. வெயிலில் நன்றாக வேலை செய்யும். டியூப் லைட் போட்ட அறையில் விளக்கின் துடிப்பைக் குண்டு என்று நினைத்து இஷ்டத்துக்கு எண் காட்டும், அல்லது காட்டாது. உள்ளரங்க ரேஞ்சுக்குப் போகிறவர்கள் விளக்கு செட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். கால்டுவெல் நிறுவனத்தின் ஒரு மாடல், போனின் இயர்போன் ஓட்டை வழியாக எண்களை அனுப்பும். நல்ல யோசனைதான். உங்கள் புதுப் போனில் அந்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

துப்பாக்கி வாயில் மாட்டும் சின்னக் குழாய் வகை, தன் சொந்த இன்ப்ராரெட் ஒளியில் அளக்கிறது. அறை விளக்கைப் பற்றிக் கவலையில்லை. ஏர் ரைபிளுக்கு மட்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கோணலாக மாட்டினால் பெல்லட் குழாயையே உரசும், நிதானமாக மாட்டுங்கள்.

ரேடார் வகை தனி ஜாதி. கார்மின் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த ஜீரோ சி1 ப்ரோ உள்ளங்கையில் அடங்கும். பக்கத்தில் வைத்தால் போதும், குண்டு எதன் வழியாகவும் போக வேண்டியதில்லை. அறிமுக விலை சுமார் 600 டாலர். கிளப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் நியாயம். ஒரு வீட்டுக்கு ஒன்று என்பது, லெட்டர் டைப் அடிக்க சர்வர் வாங்குவது போல.

எதை வாங்கினாலும் எண்களை எக்ஸெல்லுக்குக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். திரையில் ஒரு நொடி மின்னி மறையும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டே சுட முடியாது. அக்கா மகளுக்கு நான் இன்னும் எதுவும் வாங்கித் தரவில்லை. போன மாதம் ஆடாசிட்டியில் பத்துக் குண்டு பார்த்தோம். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 9 மீட்டர் வந்தது. வாஷரை மாற்றினோம். இப்போது 3 மீட்டர்.