கண்காணிப்புத் தொழில்நுட்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு

கண்காணிப்புத் தொழில்நுட்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பது தொலைபேசி, இணையத் தொடர்புகளை ஒற்றுக்கேட்கவும் கைப்பேசிகளுள் மறைவாக நுழையவும் உதவும் கருவிகள், மென்பொருள்கள் ஆகியவற்றைப் பிற நாடுகளுக்கு விற்பதை ஒழுங்குபடுத்தும் விதிகளின் தொகுப்பு ஆகும். இவ்விதிகள் விற்கும் நாட்டின் உரிமத்தையே சார்ந்துள்ளன. வேவு பார்க்கப்பட்டவருக்கு இவற்றின் வழியே நேரடித் தீர்வு கிடைப்பதில்லை.

வாசனார் ஏற்பாடு

இத்துறையின் முதன்மையான பன்னாட்டு ஏற்பாடு 1996 இல் தொடங்கிய வாசனார் ஏற்பாடு ஆகும். பிரெஞ்சு நிறுவனமான அமெசிஸ், லிபியாவின் கடாபி அரசுக்கு இணையக் கண்காணிப்பு முறைமையை விற்றமை 2011 இல் வெளியானது. 2013 டிசம்பரில் இத்தகைய முறைமைகளும் ஊடுருவல் மென்பொருள் சார்ந்த தொழில்நுட்பங்களும் வாசனார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனினும் இவ்வேற்பாடு சட்டப்படி எவரையும் பிணைப்பதன்று. வட்டார, பன்னாட்டுப் பாதுகாப்பே இதன் நோக்கம்; மனித உரிமை அன்று. இதற்கு மாறாக, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி, உள்நாட்டு அடக்குமுறைக்கோ கடுமையான மனித உரிமை மீறலுக்கோ பயன்படக்கூடிய ஏற்றுமதியை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.

இந்தியா

இந்தியா 2017 டிசம்பரில் வாசனார் ஏற்பாட்டின் 42ஆவது உறுப்பினரானது. இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியல் ஏற்றுமதியை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அரசு வெளிநாட்டிலிருந்து வேவு மென்பொருளை வாங்குவது அதன் வரம்புக்குள் வராது.

பெகாசஸ் வழக்கு

பெகாசஸ் மென்பொருளை இசுரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கியது. அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. வாசனார் ஏற்பாட்டில் உறுப்பினராக இல்லாத இசுரேல், தன் உள்நாட்டுச் சட்டப்படி ஏற்றுமதி உரிமம் வழங்குகிறது. இந்தியாவில் இதழாளர்கள் உள்ளிட்டோர் இலக்காகியிருக்கலாம் என 2021 சூலையில் செய்திகள் வெளியாயின. தேசியப் பாதுகாப்பைக் காட்டி நடுவண் அரசு விரிவான பதில் தர மறுத்தது. 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். வி. இரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது. ஆய்வு செய்யப்பட்ட 29 கைப்பேசிகளுள் 5 இல் தீநிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என உறுதிப்படவில்லை எனவும், அரசு ஒத்துழைக்கவில்லை எனவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது.

இழப்பீடும் இடைவெளியும்

2019 இல் வாட்சப் நிறுவனம் என்எஸ்ஓ மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் என்எஸ்ஓவைப் பொறுப்பாக்கியது. இவ்வழக்கு கணினி ஊடுருவல், ஒப்பந்த மீறல் ஆகியவற்றின் அடிப்படையிலானது, ஏற்றுமதி விதிகளின்பாற்பட்டதன்று. இதில் வாதியும் நிறுவனமே, வேவு பார்க்கப்பட்ட மக்கள் அல்லர். உரிமம் ஒரு நாட்டிலும் பயன்பாடு மறு நாட்டிலும் நிகழ்வதால், இரு அரசுகளும் மௌனம் காக்கும்போது பாதிக்கப்பட்டவர் சான்று பெறுவதே அரிதாகிறது. 2017 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமையாக அறிவித்த அந்தரங்க உரிமையும் இச்சான்றின்றி நடைமுறையில் பயன்தருவது கடினம்.