வீடு நெருங்கும் கப்பல்

சார்லஸ் டார்வின் என்றதும் எல்லாரும் குரங்கில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது வேறு காரணத்துக்காக. மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒத்துக்கொள்ளாமலே ஐந்து ஆண்டுகள் பாய்மரக் கப்பலில் காலம் தள்ளினார்.

1831 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய ‘பீகிள்’ கப்பலின் நீளம் சுமார் 90 அடி. அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். டார்வினுக்குக் கிடைத்தது பின்பக்கத்தில், வரைபட மேசை போட்ட ஒரு சின்ன அறை. மேசைக்கு மேலே கித்தான் தூளி கட்டித்தான் தூங்க வேண்டும். ஆளோ ஆறடி. கால் நீட்ட இடமில்லாமல், சுவரோரம் இருந்த ஓர் இழுப்பறையை எடுத்துவிட்டு அந்தப் பொந்துக்குள் தூளியின் கால்மாட்டை நுழைத்துக்கொண்டார். குமட்டல் வந்தால் பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும்தான். வேறெதையும் வயிறு தாங்காது. மழையும் அலையும் சேர்ந்துகொண்டால் அந்தக் காலத்து மரக்கப்பல்களில் மேல்தளத்துத் திறப்புகளை மூடிவிடுவார்கள். கீழே இருட்டு, ஈரம், காயாத துணியின் வாடை.

1836 ஜூலையில் அசென்ஷன் தீவைத் தாண்டியாயிற்று. இனி நேரே வடக்கு, வீடுதான் என்று இருந்தபோது கேப்டன் ஃபிட்ஸ்ராய் கப்பலை மேற்கே பிரேசிலுக்குத் திருப்பினார்! புறப்படும்போது அவர் 22 கடிகாரங்களை ஏற்றி வந்திருந்தார், தீர்க்கரேகை அளக்க. உலகைச் சுற்றிப் போட்ட கணக்கு சரிதானா என்று தெரிய வேண்டுமென்றால், முன்பு அளந்த பாயியா துறைமுகத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். கடலும் வெறுத்துவிட்டது, அதில் ஓடும் கப்பல்களும் வெறுத்துவிட்டன என்று டார்வின் தம் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். என் கட்சி ஃபிட்ஸ்ராய் பக்கம்தான். கணக்கை முடிக்காமல் எப்படித் திரும்புவது? ஆனால் அந்தத் தூளியில் படுத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மழையில் வடக்கே கார் ஓட்டுகிறவர்களுக்கு அவர் நிலைமை புரியும். நானூறு கிலோமீட்டரில் கடைசி நாற்பதுதான் நகராது.

அசோர்ஸ் தீவுகளுக்குப் பிறகு கடுமையான காற்றும் கடலும். அக்டோபர் 2ஆம் தேதி ஃபால்மத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். இத்தனை நாள் ஏங்கிய கரை கண்ணெதிரே. ஆனால் டார்வினுக்கு மனத்தில் ஒன்றுமே எழவில்லை. எங்கோ ஓர் அயலூரைப் பார்ப்பதுபோல இருந்ததாக, வெட்கத்தோடு நாட்குறிப்பில் எழுதினார். அன்றிரவே, புயல் அடித்துக்கொண்டிருக்க, தபால் கோச்சில் ஏறிவிட்டார்.

ஷ்ரூஸ்பரியில் இருந்த வீட்டை அடைந்தது 5ஆம் தேதி காலை உணவு வேளையில். மறுநாளே ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? பிரேசிலுக்குத் திருப்பிய அதே ஃபிட்ஸ்ராய்க்கு. வழியில் பார்த்த வயல்களைப்போல மகிழ்ச்சியான காட்சி இந்த உலகத்திலேயே கிடையாது, நீங்கள் உடன் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்கள் என்றார். கோச்சில் கூட வந்த மடையர்களுக்கு மட்டும் அந்த வயல்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சமும் பச்சையாகத் தெரியவில்லையாம்.