தாலியும் பதிவேடும்

கோயிலில் மேளம் முழங்குகிறது. மணமகன் தாலி கட்டுகிறான். உற்றார் அரிசி தூவி வாழ்த்துகின்றனர். விருந்தும் குறைவின்றி நடக்கிறது. பதிவிலாகாவிற்கு மட்டும் எவரும் செல்வதில்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் ஒரே சொல்லில் ஒரு பெண்ணின் உரிமையும், பிறக்கப்போகும் பிள்ளையின் எதிர்காலமும் அடகு வைக்கப்படுகின்றன. மலேசியத் தமிழரிடையே இன்னும் அற்றுப்போகாத இத்தீமையைக் கண்டும் காணாதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று.

சட்டம் இல்லாமையா இதற்குக் காரணம்? அன்று. 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் வழக்காற்றுத் திருமணங்களில் ஆடவன் பல மனைவியரைக் கொள்வதற்கு இருந்த இடத்தை அது அடைத்தது, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியை நிலைநாட்டியது, பதிவைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரோ இச்சீர்திருத்தத்தை 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தாலேயே செய்து முடித்தது.

"சடங்கே திருமணம், தாள் எதற்கு?" என்பார் உளர். மரபின் பெயரால் பேசும் அவர்கள் மரபையே அறியாதவர்கள். பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் திருமணச் சடங்கை வகுத்தனர் எனத் தொல்காப்பியக் கற்பியல் உரைக்கிறது. கைப்பிடித்தவளை "அறியேன்" என்று ஆடவன் கைவிடாதிருக்க எழுந்த காப்பே சடங்கு. அஃதாவது, அன்றைய சட்டச் சீர்திருத்தம் அது. இன்றைய காப்பு பதிவேடு. மேலும், சட்டம் தாலியைத் தடுக்கவில்லை. பதிவதிகாரியாக அமர்த்தப்பெற்ற குருக்கள் சமய முறைப்படியே மணம் நடத்திப் பதிவு செய்யவும் அஃது இடம் தருகிறது.

இன்னும் சிலர் அச்சட்டத்தின் 34ஆம் பிரிவைக் காட்டுவர். பதிவு செய்யாமை ஒன்றினாலேயே ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என அப்பிரிவு கூறுவது உண்மையே. ஆனால், அதனை நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே வகையாகப் பொருள் கொண்டதில்லை. விபத்தில் கணவனை இழந்தவள் இழப்பீடு கேட்டுச் செல்லும்போது, "இவள் அவன் மனைவிதானா?" என்ற வினா எழுகிறது. திருமணப் படத்தையும் பந்தலில் இருந்த சாட்சிகளையும் தேடி அவள் அலைய வேண்டுமா? ஒரு நாள் வேலையைத் தட்டிக் கழித்ததற்கு இஃது என்ன தண்டனை!

எல்லை கடந்த திருமணங்களில் இடர் இன்னும் பெரிது. மலேசியர் ஒருவர் தமிழகத்திலோ சிங்கப்பூரிலோ அந்நாட்டு முறைப்படி மணம் செய்தால், ஆறு திங்களுக்குள் மலேசியத் தூதரகத்திலோ, நாடு திரும்பியபின் இங்கோ பதிய வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. இதனை அறிந்தோர் எத்தனை பேர்? முறையான திருமணத்திற்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை கணக்கில் வாராது; தாயினுடையதே நோக்கப்படும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் விதி. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய்க்கும் அவர்களது திருமணத்திற்கு முன் வெளிநாட்டில் பிறந்த சிறுவனின் வழக்கில், 2021 மே திங்களில் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவ்வாறே முடிவு கூறியது. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டதும் அவனுக்குத் துணை நிற்கவில்லை. உடன் பயிலும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வயதில் நீல அடையாள அட்டை பெற்று மகிழும்போது, இத்தகைய பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறது. அது செய்த குற்றம் யாது?

"சட்டம் அறியாமை சாக்காகாது" என்பர் வழக்குரைஞர். சரி, ஆனால் மக்கள் படிக்கும் மொழியில் அவர்களுக்கு எட்டாத சட்டம் எவ்வாறு அவர்களை ஆளும்? சட்டத்தின் ஆட்சி நீதிமன்றப் படிக்கட்டில் தொடங்குவதன்று; அறிவில் தொடங்குவது. எனவே, கோயில் நிருவாகங்கள் பதிவுக்கு ஏற்பாடாகாத திருமணத்திற்கு நாள் கொடுத்தல் ஆகாது. இயக்கங்கள் இச்சட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டு வீடுதோறும் வழங்க வேண்டும். ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டங்களில் தேர்வுப் புள்ளிகளோடு இதனையும் பேச வேண்டும்.

தாலி கழுத்தில் இருக்கட்டும். பெயர் பதிவேட்டில் ஏறட்டும். ஒன்று மரபு, மற்றொன்று உரிமை. மரபைக் காட்டி உரிமையைப் பறிப்பவன் மரபுக்கும் பகைவனே.